கோழிக்கரு ஆய்வின் வரலாறு

அடைவைத்த கோழிமுட்டைக்குள் 21 நாளில் குஞ்சாக உருப்பெறும் உயிரே கோழிக்கரு. ஓர் உடல் எப்படி உண்டாகிறது என்று ஆராயும் கருவளர்ச்சியியல், தன் முதற்பாடங்களில் பெரும்பகுதியை இதனிடமிருந்தே கற்றது. தாய் வயிற்றில் வளரும் கருவைக் காண அக்காலத்தில் தாயின் வயிற்றைத் திறந்தாக வேண்டியிருந்தது. முட்டைக்குள் வளர்வதைக் காண ஓட்டை உடைத்தால் போதும். முட்டை எந்த ஊரிலும் மலிவாகக் கிடைக்கும் என்பதும் சிறு காரணம் அல்ல.

தமிழில் முட்டையின் மஞ்சளையும் வெள்ளையையும் ‘கரு’ என்றே சொல்கிறோம். உண்மையில் இரண்டும் கருவுக்கான உணவும் நீரும் காப்பும்தான். மஞ்சளின் மேல் சில மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறித் தெரிகிறதே ஒரு வட்டப்புள்ளி, குஞ்சு அதிலிருந்துதான் வருகிறது. அந்தப் புள்ளியைச் சரியாக அடையாளம் காண மனிதருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன.

பண்டைக் கிரேக்கத்தில் ஹிப்போக்கிரட்டீஸ் மரபைச் சேர்ந்த மருத்துவ நூல் ஒன்று ஒரு செய்முறையைச் சொல்கிறது: இருபது முட்டைகளை அடைக்கோழிகளிடம் வைத்து, இரண்டாம் நாள் முதல் நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்க்க வேண்டும். இதைவிடத் தெளிவான ஆய்வுமுறை அதன்பின் நெடுங்காலம் தோன்றவில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலும் அவ்வாறே பார்த்தார். மூன்று பகல், மூன்று இரவு கழிந்தபின் இரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி உயிருள்ளதுபோல் துடிப்பதைக் குறித்துவைத்தார். அது இதயம். உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. ஆனால் குஞ்சு வெள்ளையிலிருந்து உருவாகி, மஞ்சளை உணவாகக் கொள்கிறது என்று அவர் எண்ணினார்.

படுவா பல்கலைக்கழகத்தின் ஃபாப்ரீசியஸ் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1621-இல் வெளிவந்தது. மஞ்சளை இருபுறமும் தாங்கி நிற்கும் முறுக்குநாரிலிருந்து குஞ்சு உண்டாவதாக அது கூறியது. அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி, இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தவர், 1651-இல் ஆசிரியரைத் திருத்தினார்: தொடக்கம் அந்த வெண்புள்ளியே.

குஞ்சு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது. எப்படி உருவாகிறது என்ற கேள்வி தீரவில்லை. 1672-இல் போலோனியாவின் மார்செல்லோ மல்பீகி, நுண்ணோக்கியில் கண்ட கோழிக்கருவின் ஓவியங்களை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அடைவைக்காத முட்டையிலேயே உருவத்தின் கோடுகள் தெரிவதாக எழுதினார். அவர் பார்த்தது ஆகஸ்ட் மாதக் கடும் வெப்பத்தில். கருவின் வளர்ச்சி தாய்க்கோழியின் உடலுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது; இட்ட முட்டை குளிரும்போது நின்று, மீண்டும் சூடு கிடைத்தால் தொடர்கிறது. அடைக்கோழி செய்யும் வேலையைப் போலோனியாவின் கோடை ஓரளவு செய்துவிட்டது. இது மல்பீகியின் கூர்மைக்குக் குறைவாகாது. இருந்ததைத்தான் அவர் வரைந்தார். ஆனால் முழு உருவமும் சிறிதாக முன்பே இருக்கிறது, அது விரிய மட்டுமே செய்கிறது என்னும் முன்னுருவாக்கக் கொள்கையினருக்கு அவருடைய ஓவியம் பெரும் சான்றாயிற்று.

18-ஆம் நூற்றாண்டில் அக்கொள்கையின் வலிமையான குரல் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர். மஞ்சளைச் சூழ்ந்த சவ்வு கருவின் குடலோடு இடையறாமல் தொடர்கிறது. மஞ்சள் கருவுறுதலுக்கு முன்பே இருக்கிறது. ஆகவே கருவும் முன்பே இருந்திருக்க வேண்டும் என்று 1758-இல் வாதிட்டார். அடுத்த ஆண்டே 25 வயதுக் காஸ்பர் ஃபிரீட்ரிஷ் வோல்ஃப் தம் ஆய்வேட்டில் அதற்கு மாறாக எழுதினார். 1768-69-இல் அவர் வெளியிட்ட குடல் ஆய்வுதான் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பேன். குடல் குழாயாக இருந்து பெரிதாவதில்லை. முதலில் அது ஒரு தட்டையான ஏடு; பின்னர் அதன் ஓரங்கள் மடிந்து, கூடி, குழாயாகின்றன. முன்பு இல்லாத வடிவம் கண்முன்னே உண்டாகிறது. ஹாலரின் புகழுக்கு முன் அந்த இளைஞரின் சொல் எடுபடவில்லை. இலத்தீனில் இருந்த அந்த ஆய்வு 1812-இல் ஜெர்மனில் வந்தபிறகே பரவலாகப் படிக்கப்பட்டது.

அதைத் தொடர்ந்தவர்கள் பால்டிக் கரையிலிருந்து வியூர்ட்ஸ்பர்க் நகரில் கூடிய இரு நண்பர்கள். ஏராளமான முட்டைகள், சூட்டைக் காக்க ஓர் ஆள், வரைய ஓர் ஓவியர் என்று இந்த ஆய்வுக்குச் செலவு மிகுதி. கார்ல் ஏர்ன்ஸ்ட் ஃபான் பேயரிடம் அதற்குப் பணமில்லை. வசதியுள்ள குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் பான்டர் ஏற்றுக்கொண்டார். கரு முதலில் அடுக்கடுக்கான ஏடுகளாகப் பிரிகிறது என்று 1817-இல் பான்டர் காட்டினார். இன்றைய பாடநூல்கள் அவற்றை மூன்றாகச் சொல்கின்றன: புறஅடுக்கிலிருந்து தோலும் நரம்பு மண்டலமும், நடுஅடுக்கிலிருந்து தசை, எலும்பு, இரத்தம், அகஅடுக்கிலிருந்து குடலின் உட்பூச்சும் நுரையீரலும். 1828-இல் பேயர் இதை முதுகெலும்பிகள் அனைத்துக்கும் விரித்தார். பொதுப்பண்புகள் முதலிலும் தனிப்பண்புகள் பின்னரும் தோன்றும் என்றார். பெயர் எழுதாமல் சாராயத்தில் இட்டுவைத்த இரு சிறு கருக்கள் பல்லியா, பறவையா, பாலூட்டியா என்று தம்மாலேயே சொல்ல முடியவில்லை என அவர் எழுதியது இன்றும் வகுப்புகளில் சொல்லப்படுகிறது.

20-ஆம் நூற்றாண்டில் பார்ப்பதோடு நில்லாமல் கருவை வெட்டியும் ஒட்டியும் சோதித்தார்கள். இத்தாலியின் 1938-ஆம் ஆண்டு இனச்சட்டங்களால் யூதரான ரீட்டா லெவி மொன்டால்சினி பல்கலைக்கழகத்தை விட்டு விலக நேர்ந்தது. தூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவியாக்கினார். குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கிராமத்துக்குப் போனபின் பண்ணை பண்ணையாகச் சைக்கிளில் சென்று முட்டை வாங்கினார். கால் அரும்பை வெட்டிவிட்டால் அதற்குரிய நரம்பணுக்கள் குறைகின்றன என்பது முன்பே தெரியும். அவை உண்டாகாமல் போகவில்லை, உண்டாகிப் பின் மடிகின்றன என்று அவர் கண்டார். அப்படியானால் அவற்றை உயிரோடு வைத்திருப்பது எது? அந்தக் கேள்வி போருக்குப்பின் அமெரிக்காவில் நரம்பு வளர்ச்சிக் காரணியின் கண்டுபிடிப்பில் முடிந்தது. 1986-இல் அவரும் ஸ்டான்லி கோஹெனும் நோபல் பரிசு பெற்றனர்.

1951-இல் விக்டர் ஹாம்பர்கரும் ஹோவர்ட் ஹாமில்டனும் கோழிக்கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாக வகுத்தனர். அடைவைத்த மணிநேரத்தைவிடக் கருவின் உருவமே நம்பத்தக்க அளவுகோல் என்பதால் ஆய்வுக்கூடங்கள் இன்றும் அந்த எண்களையே பயன்படுத்துகின்றன.

1969-இல் பிரான்சின் நிக்கோல் லெ துவாரேன், காடையின் உயிரணுக்கருவைச் சாயமேற்றிப் பார்த்தால் கோழியினதிலிருந்து எளிதில் பிரித்தறியலாம் என்பதைப் பயன்படுத்திக்கொண்டார். கோழிக்கருவின் நரம்புக் குழலில் ஒரு துண்டை நீக்கி, அதே இடத்தில் காடையின் துண்டை ஒட்டினார். அதிலிருந்து புறப்பட்ட அணுக்கள் தொலைவு சென்று, குடலின் நரம்புகளாகவும் தோலின் நிறமணுக்களாகவும் மாறியிருந்தன. அவ்வகைக் கருக்கள் சில பொரித்தும் வந்தன: வெண்ணிறக் கோழிக்குஞ்சு, அதன் இறகில் காடையின் கருநிறப் பட்டை.