விலையில்லாப் பத்தி: சென்னையில் மக்கள் தொடர்பாளர் ஊதியம் கடந்து வந்த வழி

விளம்பரமும் மக்கள் தொடர்பும் ஒரே குடும்பத்துத் தொழில்களாக எண்ணப்பட்டாலும், சென்னையில் அவற்றைச் செய்தவர்கள் பணம் பெற்ற வழிகள் தொடக்கம் முதலே வேறாக இருந்தன. செய்தித்தாளில் விளம்பர இடத்திற்கு விலை உண்டு. அந்த விலையில் ஒரு பங்கைத் தரகாகப் பெறுபவர் விளம்பர முகவர். 1939இல் தோன்றி இன்று இந்திய செய்தித்தாள் சங்கம் என்று வழங்கும் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற முகமைகளுக்கு 15 சதவீதத் தரகு என்பது நெடுங்கால நியதியாக இருந்தமையால், 10,000 ரூபாய் விளம்பரத்தில் 1,500 ரூபாய் முகமைக்குச் சேர்ந்தது; விளம்பரம் கொடுத்தவர் முகவரின் உழைப்புக்கென்று தனியே விலை பேச நேரவில்லை. எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன் விளம்பரம் சேகரித்துக் கொடுத்தே வளர்ந்தார் என்பதையும், ஆர். கே. சுவாமி 1973இல் சென்னையில் தம் விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார் என்பதையும் நினைத்தால், இத்தரகு எத்தனை உறுதியான அடித்தளமாக இருந்தது என்பது விளங்கும்.

மக்கள் தொடர்பாளர் நாடுவது விளம்பர இடத்தை அன்று, செய்திப் பத்தியை. அது விற்பனைக்கு உரியதன்று. விலையில்லாத பொருளில் தரகு கேட்க வழியில்லை. ஆகவே தம் நேரத்துக்கும் அறிமுகங்களுக்கும் சொல்வன்மைக்கும் தாமே ஒரு தொகை குறித்து, அதை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியவரானார் அவர். இத்தொழிலின் ஊதிய வரலாறு முழுவதும் இந்த ஒரு சங்கடத்திலிருந்து கிளைத்ததே.

தமிழ்த் திரையுலகில் பாட்டுப் புத்தகம், துண்டறிக்கை, தண்டோரா வண்டி ஆகியவற்றால் படத்தை ஊருக்கு அறிவித்த காலத்தில் அவ்வேலை பெரும்பாலும் கம்பெனி ஊழியர்களுடையது. 1958இல் எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' படத்தில் மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றிய ஆனந்தனே தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று கருதப்படுகிறார். அதற்கு முன்பே புகைப்படங்கள் எடுத்து 'பிலிம் நியூஸ்' இதழுக்குத் தந்துவந்தமையால் 'பிலிம் நியூஸ் ஆனந்தன்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. பின்னர் அவர் ஒரு கம்பெனிக்குக் கட்டுப்படாமல் பல தயாரிப்பாளர்களின் படங்களுக்குப் பணிபுரிந்தார். வெளியான படங்களின் பெயர், தேதி, கலைஞர் விவரம் என்று அவர் பல்லாண்டு திரட்டிய தொகுப்பைத் தமிழ்நாடு அரசு பின்னர் பெற்றுக்கொண்டது. 2004இல் அது 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்னும் நூலாகவும் வெளிவந்தது. 2016இல் அவர் மறைந்தார். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பேசும் தொகையில் இத்தகைய உழைப்பை ஏற்றிக் காட்டுவதற்கு இடமே இல்லை. ஆயினும் செய்தியாளர்கள் அவரை நாடியதற்கும் அதனால் தயாரிப்பாளர்கள் பயனடைந்ததற்கும் அதுவே காரணம் என்று கொள்ளுவது பொருந்தும்.

படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, ஒரு பகுதியை அட்வான்ஸாகப் பெற்று, மீதியை வெளியீட்டுக்கு முன் வசூலிக்கும் முறைக்குக் காரணம் திரைத்தொழிலின் இயல்பிலேயே இருக்கிறது. தியாகராய நகரிலும் கோடம்பாக்கத்திலும் ஒரே படத்துக்கென்று அலுவலகம் திறந்த கம்பெனிகள் பல உண்டு. வெள்ளிக்கிழமை படம் வெளியான பின் பாக்கியைக் கேட்க ஆள் இருப்பார் என்ற உறுதி இல்லை. தொடர்ந்து இயங்கும் வணிக நிறுவனங்களிடமோ 'ரீடெய்னர்', அதாவது வேலை கூடினாலும் குறைந்தாலும் மாதந்தோறும் தரும் நிலையான தொகை, வழக்கமாயிற்று.

கேட்பதில் உள்ள கூச்சம் இத்தொழிலுக்கு மட்டும் உரியதன்று. மயிலாப்பூர் லஸ் பகுதியில் மாளிகைகள் எழுப்பிய வழக்கறிஞர்களின் காலத்தில்கூட, ஆங்கில மரபின்படி பாரிஸ்டருக்குத் தருவது சன்மானமே தவிரக் கடன் அன்று. அதற்காக அவர் வழக்குத் தொடுக்க இயலாது. 1926ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கட்டணச் சட்டம்தான் கட்டணத்தை ஒப்பந்தத்தால் முடிவு செய்யவும், தராதபோது வழக்கிட்டுப் பெறவும் வழக்கறிஞர்களுக்கு உரிமை தந்தது. மதிப்பைக் குறிக்கும் 'சன்மானம்' என்ற அழகிய சொல், எவ்வளவு, எப்போது என்ற இரு கேள்விகளையும் கொடுப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. தனித்து உழைப்பவருக்கு அதனால் விளைந்த இழப்பு சிறிதன்று.

மக்கள் தொடர்பாளரை முறையான பில் எழுத வைத்தது வரிச்சட்டம். 1995இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 194ஜே பிரிவு, தொழில்முறைக் கட்டணம் தரும் நிறுவனம் அதில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்துக்கொண்டே தர வேண்டும் என்றது. முதலில் 5 சதவீதமாக இருந்த பிடித்தம் 2007இல் 10 ஆயிற்று. 2006 மே மாதம் மக்கள் தொடர்பு சேவை வரி வலைக்குள் வந்தபோது, பத்திரிகைக் குறிப்பு, செய்தியாளர் சந்திப்பு, ஊடகப் பயிற்சி, நெருக்கடி காலத் தகவல் தொடர்பு என இத்தொழிலின் வேலைகளைச் சட்டமே பெயரிட்டு அடுக்கியது. 'நாலு பேருக்குப் போன் செய்வதற்கா இவ்வளவு?' என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு பட்டியல் கிடைத்ததே அதன் பெரும் பயன் எனலாம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின், ஆண்டு வரவு 20 லட்சத்தைக் கடந்து பதிவு செய்துகொண்டவர் ஒரு லட்சம் ரூபாய் வேலைக்கு 1,18,000 என்று பில் எழுதுகிறார்; 10,000 பிடித்தம் போகக் கைக்கு வருவது 1,08,000; அதில் 18,000 அரசுக்கு உரியது. வாடிக்கையாளர் பணம் தராவிட்டாலும் பில் எழுதிய கணக்கில் இவ்வரியைச் செலுத்தியாக வேண்டும் என்பதால், முதலில் 'புரோஃபார்மா' எனப்படும் மதிப்பீட்டுச் சீட்டை அனுப்பிவிட்டுப் பணம் வந்தபின் வரி பில் எழுதும் வழக்கம் பரவியுள்ளது. குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும்.