கோட்டையில் பறந்த கொடிகள்

ராயபுரத்தில் பிறந்தவன் நான். கொடி என்றாலே கண் கப்பல் பக்கம் போகும். கப்பல் கொடியிலிருந்து நாட்டுக் கொடிக்கு வந்தால், பழைய அமெரிக்கக் கொடிகளை ஏன் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்? அமெரிக்காவின் 1777 கொடித் தீர்மானம் 13 நட்சத்திரம் என்றதே தவிர, எப்படி அடுக்குவது என்று சொல்லவில்லை. வட்டமோ வரிசையோ, தைத்தவர் கைப்போக்குதான். 1912-ல்தான் ஒழுங்கு வந்தது.

அந்தத் தீர்மானத்துக்கும் முந்தைய 1775 அமெரிக்கக் கொடியைப் பார்த்தால் நம்மூர் ஞாபகம் வரும்: சிவப்பு வெள்ளைப் பட்டைகள், மூலையில் பிரிட்டிஷ் கொடி. கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியும் அதே சாயல்தான். கம்பெனிக் கொடியில் பட்டைகளின் எண்ணிக்கைகூட நிலையாக இருந்ததில்லை. பிறகு இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கத்தின் 1917 கொடியில் 5 சிவப்பு, 4 பச்சைப் பட்டைகள், 7 நட்சத்திரங்கள். மூலையில் மறுபடியும் பிரிட்டிஷ் கொடி! இயக்கத்தை நடத்திய அன்னி பெசன்ட் அம்மையாரின் துணிச்சலை மதிக்கிறேன். அந்த மூலையை மட்டும் மனசு ஏற்கவில்லை.

அந்த மூலை இல்லாத கொடியும் நம்மூரில் ஏறியது. 1932 ஜனவரி 26-ல் விடுதலைப் போராட்ட வீரர் ஆர்யா பாஷ்யம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிக்கம்பத்தில் ஏறி மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார். 1947 ஆகஸ்ட் 15 விடிகாலை அங்கே ஏறிய பட்டுக்கொடி இன்று கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 12 அடி நீளம், 8 அடி அகலம். கடற்காற்றில் பட்டு இற்றுப்போகும் என்பதால் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி, ஈரம் இழுக்க சிலிக்கா ஜெல். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகளே, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ஒருமுறை போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.