நகைப்பும் கடனும்: 'பேப்பர் மூன்' திரைப்படத்தின் வரலாற்றுப் பெறுமதி

வறுமைக் காலத்தின் வரலாறு அரச அறிக்கைகளில் மட்டும் பதிவாவதன்று. மக்களைச் சிரிக்கவைத்த படைப்புகளிலும் அது உறைந்து கிடக்கின்றது. பீற்றர் பொக்டனோவிச் நெறிப்படுத்திய 'பேப்பர் மூன்' (1973) இதற்குத் தக்க சான்றாகும். வண்ணப்படங்கள் பெருவழக்காகிவிட்ட காலத்திலும், 1930களின் அமெரிக்கப் பொருளாதார மந்தத்தைக் காட்ட அவர் கறுப்பு வெள்ளையையே தேர்ந்தார். தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 1933இல் வேலையற்றிருந்தனர். அவ்வறுமையின் சாயலைக் கன்சாஸ் சமவெளியின் இருண்ட வானமும் வெறிச்சோடிய தெருக்களும் தாங்கி நிற்கின்றன.

கதைத்தலைவன் மோசஸ் பிறே ஓர் எத்தன். பத்திரிகையின் மரண அறிவித்தல்களைப் பார்த்து விதவையரின் வீடு தேடிச் செல்வான். இறந்த கணவர் மனைவியின் பெயர் பொறித்த விவிலிய நூலொன்றுக்கு முற்பணம் செலுத்தியிருந்தார் எனப் பொய்யுரைத்து, மிகுதிப் பணத்தைப் பெறுவான். அவனிடம் வந்துசேரும் அடீ, தாயை இழந்த சிறுமி. தன் பொருட்டு அவன் பெற்ற 200 டொலரைத் தனக்கே தரவேண்டுமென அவள் விடாது கேட்கிறாள். வஞ்சகத்தில் அவனை விஞ்சுபவளும் அவளே. எனினும், செல்வப் பெண்ணிடம் விலையை உயர்த்தும் அவள், பிள்ளைகள் பலரோடு நிற்கும் ஏழைத் தாயைக் கண்டதும் நூலுக்குரிய பணம் முன்னரே செலுத்தப்பட்டுவிட்டது எனக் கூறிவிடுகிறாள். யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கலாகாது என்னும் அறக்கணக்கு குழந்தையிடமே உள்ளது. இவ்வேடம் ஏற்ற ரேற்றம் ஓ'நீல் 1974இல், தமது பத்தாவது வயதில், ஒஸ்கார் விருது பெற்றார்.

வன்னியில் வாழும் நமக்கு இப்படம் வெறும் பொழுதுபோக்கன்று. 2009இல் போர் முடிந்தபின், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கணவரை இழந்த பெண்கள் பலரின் வாசலுக்கு நுண்கடன் வந்தது. அதனைத் தொடர்ந்து வாராந்தத் தவணை கேட்போரும் வந்தனர். கடன் வழங்கியோர் அனைவரும் எத்தர் அல்லர். ஆயினும், துயருற்ற வீட்டில் எதிர்த்துக் கேட்கும் வலிமை குறைந்திருக்கும் என்னும் உண்மை இரு காலத்துக்கும் பொதுவானது. வறட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசு முன்வந்தமை அச்சுமையின் அளவை உணர்த்தும்.

படத்தின் இறுதியிலும் 200 டொலர் தீரவில்லை. அத்தீராக் கடனே இருவரையும் ஒன்றாகப் பயணிக்க வைக்கிறது. அங்கு கடன் உறவாகிறது. இங்கோ அது பல வேளை உறவுகளைப் பிரித்தது. நகைப்பு அடங்கியபின் நம்முள் எஞ்சும் வினா இவ்வேறுபாடு பற்றியதே. அதற்கு விடை தேட முனைவோர், வன்னிப் பெண்களின் கடன் கொப்பிகளையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும்.