வாளைக் கீழே வைக்கச் சொல்வது யாரிடம்?
1525 உழவர் எழுச்சியும் கிறித்தவ சமாதானமும்



சேரியில் தீ வைத்த சில நாட்களில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒன்று நடக்கும். நம்மில் பலர் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறோம். வீடு எரிந்தவரும் எரித்தவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இரு தரப்பும் வன்முறையைக் கைவிட வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லும். அங்கிருந்து எழுந்து வரும்போது மனதில் தங்கும் கேள்வியோடுதான் இந்த நினைவுச் சொற்பொழிவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மனிக்குப் போகிறோம். மறுகன்னத்தைக் காட்டு என்ற இயேசுவின் சொல்லை அங்கே யார் யாரிடம் சொன்னார்கள்?

1525 மார்ச் மாதம் மெம்மிங்கன் நகரில் உழவர்களின் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுத்தில் வந்தன. எழுதியதில் முக்கியப் பங்கு செபாஸ்டியன் லோட்சருக்கு. அவர் ரோம ஆடை தைக்கும் தொழிலாளி. போதகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, காட்டில் விறகு, ஆற்றில் மீன், பறிக்கப்பட்ட பொது நிலம் என்று கோரிக்கைகள் நீள்கின்றன. பண்ணையடிமை செத்தால் அவன் தொழுவத்தின் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போகும் வழக்கம் இருந்தது. விதவையிடமும் அநாதையிடமும் பறிக்கும் அதை ஒழிக்கச் சொன்னது பதினோராவது கோரிக்கை. நாம் நின்று படிக்க வேண்டியது மூன்றாவது. கிறிஸ்து தம் இரத்தத்தால் இடையனையும் மீட்டார், மிக உயர்ந்தவனையும் மீட்டார். ஆகவே நாங்கள் யாருடைய உடைமையும் அல்ல என்பது அதன் சாரம். இவற்றில் எதுவும் வேதத்துக்கு விரோதம் என்று காட்டினால் கைவிட்டுவிடுகிறோம் என்றும் கடைசியில் சேர்த்திருந்தார்கள்.

மார்ட்டின் லுத்தர் ஏப்ரலில் பதில் எழுதினார். முதலில் பிரபுக்களைத்தான் கடுமையாகக் கண்டித்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உழவர்களிடம் திரும்பியதும் கிறித்தவனின் உரிமை பாடுபடுவதும் சிலுவை சுமப்பதுமே என்றார். மூன்றாம் கோரிக்கைக்கு அவர் சொன்ன மறுப்பு: ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே; ஆன்மாவின் விடுதலையை உடலின் விடுதலையாக மாற்றுகிறீர்கள். இந்த வாதத்தை நாம் வேறு மொழியில், வேறு மதத்தின் பெயரிலும் கேட்டிருக்கிறோம்.

அதே ஏப்ரலில் வைன்ஸ்பெர்க்கில் உழவர்கள் ஒரு பிரபுவையும் அவருடைய ஆட்களையும் ஈட்டி வரிசைக்கு நடுவே ஓடவிட்டுக் கொன்றார்கள். கொடுமைதான். நம் தரப்பு என்பதால் சிறிதாக்கிச் சொல்லமாட்டோம். மே மாதம் லுத்தரின் அடுத்த சிறுநூல் வந்தது. பாடுபடு என்ற உபதேசம் அதில் இல்லை. கலகக்காரனை வெளிப்படையாகவோ மறைவாகவோ, முடிந்தவர் எவரும் வெட்டலாம், குத்தலாம் என்றார்; அந்த இரத்தத்தால் ஒரு பிரபு சொர்க்கத்தையே சம்பாதிக்கலாம் என்றும் எழுதினார். மே 15 அன்று பிராங்கன்ஹவுசனில் பிரபுக்களின் படை ஆயிரக்கணக்கான உழவர்களைக் கொன்றது. அவர்களோடு நின்ற போதகர் தாமஸ் மியூன்சர் சித்திரவதைக்குப் பிறகு மே 27 அன்று தலை வெட்டப்பட்டார். மறு ஆண்டு, போர்வீரனும் இரட்சிப்பு அடையலாமா என்ற கேள்விக்கு லுத்தர் தனி நூலே எழுதினார். அடையலாம் என்பதே பதில்.

ஆக, கிறித்தவ சமாதானம் என்பது ஆண்டைகளின் தந்திரம் மட்டும்தானா? அப்படி முடித்துவிட நமக்கும் ஆசைதான். ஆனால் இன்னொரு கூட்டம் இருந்தது. 1524 செப்டம்பரிலேயே சூரிக் நகரிலிருந்து கான்ராட் கிரேபெல் மியூன்சருக்குக் கடிதம் எழுதினார்: நற்செய்தியை வாளால் காக்க வேண்டாம். இவர்களைத்தான் பின்னாளில் மறுஞானஸ்நானக்காரர்கள் என்றார்கள். தோற்ற உழவர்கள் பலர் இவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். புத்தகம் சுமந்து விற்ற ஹான்ஸ் ஹூட் பிராங்கன்ஹவுசனிலிருந்து தப்பி வந்தவர். கடவுள் சொல்லும்வரை வாள் உறையிலேயே இருக்கட்டும் என்று போதித்தார். அது சமாதானமா, காத்திருப்பா என்று இன்றும் வாதிடலாம்.

1527 பிப்ரவரியில் ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் கூடியவர்கள் கிறித்தவன் வாள் ஏந்தக் கூடாது, நீதிபதியாகவோ ஆட்சியாளராகவோ அமரவும் கூடாது என்று எழுதிவைத்தார்கள். அவர்களில் முன்னணியில் இருந்த மிகாயேல் சாட்லர் மூன்று மாதத்தில் விசாரணைக் கூண்டில் நின்றார். துருக்கியர் படையெடுத்து வந்தாலும் கொல்லமாட்டோம் என்றார். போர் சரியென்றே வைத்துக்கொண்டாலும், துருக்கியரை எதிர்ப்பதைவிட, பக்தர்களை வதைக்கும் கிறித்தவர்களை எதிர்த்தே போவேன் என்றும் சேர்த்துச் சொன்னார். நாக்கை அறுத்து, குறட்டால் சதையைப் பிய்த்து, எரித்தார்கள். அவருடைய மனைவி மார்கரெத்தாவைச் சில நாட்களில் நெக்கார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். 1529இல் ஸ்பையர் நகரப் பேரவை மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை விதித்தது. மற்றெதிலும் ஒத்துப்போகாத கத்தோலிக்கரும் லுத்தரன்களும் இதில் ஒத்துப்போனார்கள்.

வாள் எடுத்த மியூன்சரைக் கொன்றார்கள், வாளை மறுத்த சாட்லரையும் கொன்றார்கள். உழவனிடம் மட்டும் சமாதானம் பேசியிருந்தால் சாட்லருக்கு ஒரு பிரசங்க மேடை கிடைத்திருக்கும். அவர் பிரபுவின் வாளையும் சேர்த்து மறுத்தார். அவர்களுடைய சமாதானத்தை நாம் மதிப்பது இதனால்தான். குறையும் உண்டு. உலகத்தை விட்டு ஒதுங்கிய அவர்களுடைய உடன்படிக்கையில் விறகு இல்லை, மீன் இல்லை, செத்தவன் வீட்டு மாடு இல்லை. லோட்சரின் கோரிக்கைகளை ஏந்த ஆளில்லாமல் போயிற்று.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சபை லுத்தரின் சபை. 1517இன் தொண்ணூற்றைந்து வாசகங்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த அளவுக்கு 1525ஐச் சொல்லித்தந்ததில்லை. ஐரோப்பிய மக்களின் அரசியல் விடுதலைக்கு லுத்தரின் சீர்திருத்தம் முன்னோடி என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் குறிப்பிட்டார். சமய மாற்றம் முன்னே வராமல் அரசியல் மாற்றம் வராது என்று காட்ட அவர் சொன்னது, நாம் மறுக்கவில்லை. அந்த முன்னோடி உழவனை எங்கே விட்டுவிட்டுப் போனது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்கிறோம். பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணை பிரஷ்யாவில் 1807இல்தான் பிறந்தது. மூன்றாம் கோரிக்கை அச்சாகி அப்போது 282 ஆண்டுகள் ஆகியிருந்தன.