வானம் வெளுத்த அன்னைக்குத்தான் பயம்

அப்பாசியாவுல ரெண்டு நாளா தூசிக்காத்து. ஜன்னல் இடுக்குல ஈரத்துணியைச் சொருகிட்டு, பரீட்சைக்குப் படிக்கிறேன்னு பேர் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்குக் காலைல வானம் வெளுத்ததும் டீ குடிக்கக் கிளம்பிட்டேன். பக்கத்து ஃப்ளாட் அண்ணன் (முன்னாள் ராணுவம், இப்போ இங்கே செக்யூரிட்டி) சிரிச்சார். "இங்கேன்னா போலாம் தம்பி. பனிமலையில இப்படி வெளுத்த அன்னைக்குத்தான் பாத்துப் போகணும்."

ஏன்னு கேட்டேன். டீ ஆறிப்போச்சு, பேச்சு முடியலை. மிச்சத்தை நானே தேடிப் படிச்சேன்.

நம்ம ஊரு மணல் குவியல் 34 டிகிரி சரிவைத் தாண்டினா சரசரன்னு வழிஞ்சிடும். பனி அப்படி இல்லை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பலகை மாதிரி நிக்கும். அடியில பழைய பனி கடுங்குளிர்ல சர்க்கரை மாதிரி உதிரியா மாறியிருந்தா, சர்க்கரை தூவின சாய்வுல கல் பலகையை வச்ச கதைதான். புயல் புதுப் பனியைக் கொட்டும், காத்து மலையோட மறுபக்கத்துல இன்னும் வாரிக் குவிக்கும். 30லேருந்து 45 டிகிரி சரிவுதான் ரொம்ப ஆபத்து. புயல் நின்ன முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல ஒரு ஆள் கால் வச்சாலே மொத்தப் பலகையும் கிளம்பலாம். காலடியில 'தொப்'னு ஒரு சத்தம் கேட்டா அடியில அடுக்கு உடையுதுன்னு அர்த்தம்.

சோதிக்கிற முறை எளிமையானது. குழி வெட்டி, 30 செ.மீ. அகலத்துல ஒரு பனித்தூணைத் தனியாச் செதுக்கி, மேல மண்வெட்டியை வச்சுத் தட்டணும். மணிக்கட்டை அசைச்சு 10 தட்டு, முழங்கையிலேருந்து 10, தோள்லேருந்து 10. மணிக்கட்டுத் தட்டுலயே தூண் வழுக்கி உடைஞ்சா, பேசாம திரும்பிடணும்.

இதையெல்லாம் முறையா ஆராய சுவிஸ்காரங்க 1936லயே தாவோஸுக்கு மேலே மலையில உக்காந்துட்டாங்க. இந்தியா 1969ல மணாலியில பனிச்சரிவு ஆய்வு மையம் தொடங்குச்சு. 2020ல அது வேற ஒரு பாதுகாப்பு ஆய்வகத்தோட இணைஞ்சது. நடுவுல 1984 ஏப்ரல்ல நம்ம ராணுவம் சியாச்சின் ஏறுச்சு. அங்கே குண்டைவிட பனியும் குளிரும்தான் அதிகம் பேரைக் கொன்னது.

2016 பிப்ரவரி 3. சுமார் 19,600 அடி உயரத்துல சோனம் நிலை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட 19வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் மேல பனி இடிஞ்சு விழுந்துச்சு. அதுல நாலு பேர் நம்ம தமிழ்நாடு: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். பனியில புதைஞ்சவரைக் கால் மணி நேரத்துக்குள்ள எடுத்தாதான் நல்ல நம்பிக்கைன்னு கணக்கு. ஆனா மோப்ப நாய்களோட தேடினவங்க, கர்நாடகாவின் ஹனுமந்தப்பா கொப்பத்தை ஆறாவது நாள் உயிரோட எடுத்தாங்க. நாடே மூச்சைப் பிடிச்சுக் காத்திருந்துச்சு. பிப்ரவரி 11ல டெல்லியில இறந்துட்டார்.

ஒண்ணு சொல்லணும். அங்கே இடிஞ்சது பெரிய பனிச்சுவர். மேலே சொன்ன மண்வெட்டிச் சோதனை சரிவுல படிஞ்ச பனியைத்தான் சொல்லும், இப்படி ஒரு சுவர் எப்போ உடையும்னு சொல்லாது.

இதை அண்ணன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "மலையேறப் போறவன் தூண் உடைஞ்சா திரும்பிடலாம் தம்பி. காவல்ல நிக்கிறவன் எங்கே திரும்புவான்?"னார்.

எனக்குப் பதில் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க மக்கா.