வெளிக்கோட்டு எழுத்துருவும் தமிழ் வரிவடிவமும்

எழுத்தைப் புள்ளிகளின் கூட்டமாகச் சேமிக்கும் முறைக்கு மாற்றாக, அதன் வெளிக்கோட்டைக் கணித வளைகோடுகளாகச் சேமிக்கும் முறை பரவலான பயன்பாட்டுக்கு வந்தது 1980களில்தான். பிரான்சின் ரெனோ, சித்ரோயன் நிறுவனங்களில் கார் உடலை வடிவமைப்பதற்காகப் பியர் பெசியேயும் பால் தெ காஸ்டல்ஜோவும் தனித்தனியே உருவாக்கிய வளைகோட்டு முறையை, அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழி எழுத்துக்கும் படத்துக்கும் பொதுவாக்கியது. அந்த வளைகோட்டைப் பயனரே இழுத்து வளைக்கும் வசதியை 1987இல் இல்லஸ்ட்ரேட்டரும், 1989இல் கோரல்டிராவும் ஆகிய வரைகலை மென்பொருள்கள் அளித்தன. எழுத்தும் சித்திரமும் ஒரே பொருளால் ஆனவை ஆனதால், தட்டச்சிட்ட சொல்லை எந்நேரமும் வெறும் வளைகோடாக மாற்ற முடிந்தது. இதையே அச்சக வழக்கில் ‘கர்வ் செய்தல்’ என்பர். கர்வ் செய்த சொல் எந்தக் கணினியிலும் உருமாறாது. ஆனால் அதன்பின் அது படம்தான், எழுத்தாகத் திருத்தவோ தேடவோ இயலாது.

இந்தச் சூழலுக்குள் தமிழ் நுழைந்த விதம் தனித்தன்மை உடையது. அக்காலத்து எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனி இடம் தேவையில்லை. துணைக்கால், கொம்பு போன்ற குறிகள் பல எழுத்துகளுக்குப் பொதுவானவை. உயிர்மெய்களில் உகர, ஊகார வரிசையின் 36 வடிவங்களே பெரும்பாலும் தனியிடம் கேட்டன. ஆதலின் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள் எளிதில் பெருகின. ‘கொ’ என எழுத, ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் ஆகியவற்றைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே தட்டச்சிட்டனர். மென்பொருள் தமிழை அறியவேண்டிய தேவையே எழவில்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனக் குறியேற்றம் வைத்திருந்த குழப்பத்தைத் தீர்க்க 1999இல் டாம், டாப் என்னும் தரங்கள் வகுக்கப்பட்டும், கண்வரிசை மாறவில்லை.

ஒருங்குறி இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. அதில் மெய்வடிவம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக ஒலிவரிசையே சேமிக்கப்படுவதால், கொம்பை முன்னே நகர்த்திக் காட்டும் பணி, எழுத்துருவின் ஓப்பன்டைப் விதிகளைப் படித்து வடிவங்களை ஒழுங்குபடுத்தும் வடிவாக்கப் பொறியிடம் சென்றது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் இவ்வசதியைத் தந்தபோதும், வரைகலை மென்பொருள்கள் பல தமக்கெனத் தனிப்பொறி கொண்டிருந்தமையால் அவற்றில் கொம்பு இடம்மாறி நின்றது. வடிவாக்கப் பணியைச் செய்யும் பாங்கோ என்னும் நிரல் நூலகத்தைச் சார்ந்த கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப் இதில் முந்திக்கொண்டது. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கோ இந்திய மொழி ஆதரவு 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் கிட்டியது. அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை விடாமைக்குப் பழக்கத்தைவிட இத்தாமதமே பெரிய காரணம் எனக் கொள்ளலாம்.

எழுத்துப் பாணியிலும் வெளிக்கோட்டு முறையின் விளைவு தெரிகிறது. தடித்த வடிவம் தனியே வரையப்படாத எழுத்துருக்களில், வெளிக்கோட்டின் மேல் இன்னொரு கோடு ஏற்றித் தடிமன் காட்டும் வழக்கம் பரவியது. ணகரத்தின் சுழிகள் அதில் அடைபட்டுப் போகும். தமிழ் மரபில் இல்லாத சாய்வெழுத்தும், நேர்வடிவத்தை இயந்திர முறையில் சரிப்பதாகவே பெரும்பாலும் அமைந்தது.

2023 சனவரியில் அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களில் போஸ்ட்ஸ்கிரிப்ட் வகையான டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அவ்வகை எழுத்துருவில் அமைந்த பழைய கோப்புகளில் கர்வ் செய்யப்பட்டவை அம்மென்பொருள்களில் இன்றும் அதே வடிவில் திறக்கின்றன.