குட்டைத் துப்பாக்கியும் பெரிய ஓசையும்



தோட்டத்துப் பெரியவர்கள் பழைய கதை பேசும்போது, "அது அவசர காலத்துக்கு முந்தி", "இது அவசர காலத்துக்குப் பிந்தி" என்று காலத்தையே இரண்டாகப் பிரித்துச் சொல்வதை நாம் கேட்டிருப்போம். அந்த அவசர காலத்தில் நம் தோட்டங்களுக்குள் நடமாடிய ஒரு துப்பாக்கியின் வரலாற்றை இன்று பார்ப்போம். துப்பாக்கியைப் பற்றி நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இது ஒரு கருவியின் கதை மட்டுமன்று. அதைச் சுமந்த மனிதர்களின் காதுகளைப் பற்றிய கதையுமாகும்.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில், ஜூன் 18ஆம் நாள், மலாயா முழுவதற்கும் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31ஆம் நாள்தான் முடிவுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் சென்று ஆறாம் வகுப்பை முடிக்கும் காலம்.

லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. இரவில் ஊரடங்கு. பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லோர் கையிலும் அடையாள அட்டை. கடையில் தகர டப்பா உணவு வாங்கினால், காட்டில் உள்ளவர்களுக்குச் சேர்த்து வைக்க முடியாதபடி அதில் துளையிட்டே கொடுத்த காலமும் உண்டு. தோட்டங்களைக் காவல் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் பல்லாயிரவர் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். மற்ற இனத்தவரும் இருந்தார்கள். பிரிட்டிஷ் படையினரும் கூர்க்கா படையினரும் காட்டுக்குள் சுற்றினார்கள். இவர்கள் ஏந்திய பல வகை ஆயுதங்களுள் ஒன்றுதான் நாம் சொல்ல வந்த குட்டைத் துப்பாக்கி. 'ஐந்தாம் எண் துப்பாக்கி' என்பது அதன் அதிகாரப் பெயர். 'ஜங்கிள் கார்பைன்' என்பது மக்கள் வைத்த பெயர்.

இது எப்படிப் பிறந்தது? ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். அவர் அமைத்த பொறியையும், லண்டனுக்கு அருகிலுள்ள என்பீல்டு என்ற ஊரின் அரசுத் தொழிற்சாலையில் உருவான குழலையும் சேர்த்து, 1895இல் லீ-என்பீல்டு துப்பாக்கி வந்தது. அதன் பின்புறத்தில் கதவுத் தாழ்ப்பாள் போன்ற ஒரு தண்டு உண்டு. அதைக் கையால் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்டு முடிந்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். ஒவ்வொரு முறை சுடும்போதும் இந்த வேலையைக் கையால் செய்தாக வேண்டும்.

முதலில் வந்த துப்பாக்கியின் குழல் 30 அங்குல நீளம். குதிரை மேல் செல்பவனுக்கு அது இடைஞ்சல் என்று, குதிரைப்படைக்குக் குட்டையான ஒன்றைத் தனியே செய்தார்கள். 1902இல் தென்னாப்பிரிக்கப் போர் முடிந்தபின், எல்லோருக்கும் ஒரே அளவு போதும் என்று 25 அங்குலக் குழல் வைத்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் அந்த அளவே வழங்கியது.

இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளுக்குள் சண்டை நடந்தபோது இந்த அளவும் பெரிதாகத் தோன்றியது. கொடியும் மூங்கிலும் பின்னிக் கிடக்கும் இடத்தில், பத்து இருபது கஜத்துக்கு அப்பால் கண் தெரியாது. அங்கே நீண்ட குழல் எதற்கு? போகும் வழியெல்லாம் கொடியில் மாட்டிக்கொள்ளும், பாரமும் கூட. ஆகவே 1944இல் குழலைக் குறுக்கினார்கள், இரும்பை அங்கங்கே சீவினார்கள், மரக்கட்டையைச் சுருக்கினார்கள். குழல் 25 அங்குலத்திலிருந்து 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. முழு நீளத்தில் 5 அங்குலமும், எடையில் ஏறக்குறைய 2 ராத்தலும் குறைந்தன. மொத்த எடை 7 ராத்தல்தான். நாள் முழுவதும் காட்டில் நடப்பவனுக்கு 2 ராத்தல் பெரிய வரமல்லவா?

ஆனால், நேயர்களே, ஒன்றை மட்டும் அவர்கள் குறைக்கவில்லை. தோட்டா பழைய தோட்டாவேதான். பெரிய துப்பாக்கிக்காகச் செய்த அதே மருந்து, அதே ரவை. இங்கேதான் வினை வந்தது.

தோட்டாவுக்குள் இருப்பது கார்டைட் என்னும் மருந்து. நூலிழை போன்ற அதன் இழைகள் எரிந்து சூடான வாயுவாக மாறி, ரவையைக் குழல் வழியே முன்னே தள்ளுகின்றன. குழல் நீளமாக இருந்தால் வாயு விரிய இடம் கிடைக்கும். வாயை அடையும்போது அதன் வேகம் ஓரளவு தணிந்திருக்கும். குழலைக் குறுக்கினால், தணியுமுன்பே ரவை வெளியேறிவிடும். அதன் பின்னால் அடக்கி வைத்த வாயு முழு அழுத்தத்தோடு வெளியே பாயும். மிதிவண்டிச் சக்கரத்தில் காற்று நிறைந்திருக்கும்போது வால்வைப் பிடுங்கினால் எப்படிச் சீறும்! அதைப் பல நூறு மடங்கு பெரிதாக எண்ணிப் பாருங்கள். அதுதான் குழல்வாய் வெடி. சுடுபவனின் காதுக்கும் அந்த வாய்க்கும் உள்ள தூரமும் இப்போது குறைந்துவிட்டது.

ஓசை மட்டுமா? நெருப்பும் உண்டு. விறகடுப்பில் புகை மண்டிக் கிடக்கும்போது ஊதுகுழலால் ஊதினால், அந்தப் புகையே குப்பென்று தீப்பற்றுவதை நம் தாய்மார்கள் நாள்தோறும் பார்த்தவர்கள். குழலில் முழுதும் எரியாத வாயுவும் அப்படித்தான். வெளிக்காற்றுப் பட்டதும் பளீரென்று எரியும். காட்டின் இருட்டில் அந்த ஒளி சுட்டவன் கண்ணையே கூசச் செய்யும். அதற்காகக் குழலின் வாயில் புனல் போன்ற ஓர் இரும்புக் கூம்பைப் பொருத்தினார்கள். அது கண்ணுக்குச் சற்று மறைப்பாக இருந்ததே தவிர, ஓசையை அடக்கவில்லை. அடக்குவது அதன் வேலையும் அன்று.

அடுத்தது தோள். பாரமான துப்பாக்கி உதைத்தால் அந்தப் பாரமே உதையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். 2 ராத்தல் குறைந்ததும் உதை கூடியது. அதைத் தாங்க அடிக்கட்டையில் ஒரு ரப்பர் துண்டு வைத்தார்கள். அது அகலம் குறைந்தது. உதை முழுவதும் தோளில் ஒரே இடத்தில் விழுந்தது. நாளாக ஆக ரப்பர் இறுகிக் கெட்டியாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறி ஓரிடத்தில் நிற்பதில்லை, இன்று வைத்த குறி நாளை விலகுகிறது என்ற குறையும் எழுந்தது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்ட பின், 1947இல் உற்பத்தி நின்றது. நின்றதற்கு அடுத்த ஆண்டில்தான் மலாயாவில் அவசர காலம் தொடங்கியது. செய்வதை நிறுத்திவிட்ட துப்பாக்கியே இங்கே காட்டுக்கு ஏற்றதென்று வேலைக்கு வந்தது. தூக்கிச் செல்ல இலேசு என்ற ஒரு நன்மைக்காக மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இனி, லயத்துக்குள் இருந்தவர்களின் பக்கம் வருவோம். வெளிக்காட்டில் ஒரு வெடி கேட்டால், எந்தத் திசையில் என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். அது பயத்தினால் மட்டும் வந்த குழப்பமன்று. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். ரவையோ அதைப் போல் இரு மடங்கு விரைவாகச் செல்லும். ஆகவே ரவை காற்றைக் கிழித்துப் போகும் 'படார்' என்ற ஓசை முதலில் காதில் விழும். குழலின் வாயில் எழுந்த 'டும்' என்ற ஓசை பின்னால் வரும். முதல் ஓசை ரவை கடந்து சென்ற பக்கத்தைக் காட்டும். சுட்டவன் நிற்கும் இடத்தைக் காட்டாது. மரத்துக்கு மரம் எதிரொலியும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா? பால் வாளியை வைத்துவிட்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தவிப்பது இயற்கையே.

துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதே அன்று உயிர்ப் பிரச்சினை. சீருடை அணிந்தவனுக்கு அரசாங்கமே ஆயுதம் கொடுத்தது. அனுமதியின்றி ஓர் ஆயுதம் வைத்திருந்தால் தூக்குத் தண்டனை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில், 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1948 டிசம்பர் 12ஆம் நாள் பத்தாங் காலியில், பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற தோட்டத் தொழிலாளர் 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுபுறம், காட்டிலிருந்து வந்தவர்களின் குண்டுக்கும் தொழிலாளர்கள் பலியானார்கள். இரு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் நின்றவர்கள் நம் பெற்றோரும் பாட்டன்மாரும்.

போர் முடிந்தது, துப்பாக்கிகள் கிடங்குக்குப் போயின. ஆனால் அந்த ஓசை எல்லோரையும் விட்டுப் போகவில்லை. நம் உட்காதில் மிக நுண்ணிய மயிர்போன்ற அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஓசையைப் பிடித்து மூளைக்குச் சொல்வது அவைதாம். ஒரே வெடியிலும் காது கெடக்கூடிய எல்லை 140 டெசிபல் என்கிறார்கள். இத்தகைய துப்பாக்கியின் வெடி சுடுபவன் காதருகே அதையும் தாண்டும். செத்த அணு மறுபடி முளைக்காது. வெட்டிய பட்டை மறுபடி வளரும், காது வளராது. காட்டில் சருகு அசையும் ஓசைக்கும் செவி கொடுக்க வேண்டியவன், பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொள்ளவும் முடியாதல்லவா?

இந்தக் குறையின் தன்மை விந்தையானது. முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். ச, த, ப போன்ற எழுத்துகள் மங்கிவிடும். குரல் கேட்கும், சொல் புரியாது. "சத்தம் வருகிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் தெரியவில்லை" என்று வீட்டில் ஒரு முதியவர் சொன்னால், அது பிடிவாதமன்று. கவனக் குறைவும் அன்று. காவல் நின்றவராகவோ படையில் இருந்தவராகவோ அவர் இருந்தால், என்றோ கேட்ட வெடியும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவரிடம் கத்திப் பேசிப் பயனில்லை. எதிரே வந்து, முகம் தெரியும்படி நின்று, நிதானமாகப் பேசினால் போதும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். பாரம் குறைந்தால் போதும் என்று எண்ணியவர்கள், அந்தப் பாரம் வேறெங்கே போய் இறங்குகிறது என்று பார்க்கவில்லை. கையில் குறைந்தது தோளில் இறங்கியது. குழலில் குறைந்தது காதில் இறங்கியது. வேலைக்கென்று நம் கையில் எந்தக் கருவி வந்தாலும், தொழிற்சாலை இயந்திரமானாலும் புல்வெட்டும் இயந்திரமானாலும், "இதன் கடனை யார் உடம்பு கட்டுகிறது?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. காதை மூடும் கவசம் கொடுத்தால் அதைக் கூச்சப்படாமல் அணிவதும், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குவதும் நம் உரிமை.